கிளித்தட்டு கேமுக்கு உடம்பு: மெஷ் கொலைடரா, வெறும் கப்சூலா?

கனகபுரத்தான்
எல்லாருக்கும் வணக்கம். போனில் ஓடக்கூடிய கிளித்தட்டு கேம் (கோடு போட்ட பெட்டிகளைத் தாண்டி ஓடுகிறவர்களைக் கோட்டில் நிற்கிறவர்கள் தொட்டு மறிக்கும் விளையாட்டு) ஒன்று யுனிட்டி என்ற கேம் என்ஜினில் செய்துகொண்டிருக்கிறேன். ஓடுவது, ஏய்த்துத் திரும்புவது, தட்டில் நின்று மறிப்பது எல்லாம் வழமையான அனிமேஷன்தான். ஆனால் மறிக்கிறவன் கையை வீசும்போது ஓடுகிறவன் தோளில் பட்டால் தோள் திரும்ப வேண்டும், முதுகில் பட்டால் முன்னால் தடுமாற வேண்டும், கால் இடறினால் விழுந்து உருள வேண்டும். ஒவ்வொரு விழுகைக்கும் தனித்தனி அனிமேஷன் செய்ய ஆளில்லை, அதனால் ராக்டோல் (மூட்டுகளால் கோத்த துணிப்பொம்மை மாதிரி உடம்பு) போட்டு பிசிக்ஸையே விழுத்தச் சொல்லலாம் என்று இறங்கினேன்.

உடம்பை எலும்பு எலும்பாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் கொன்வெக்ஸ் மெஷ் கொலைடர் (மொடலின் மேற்பரப்பான மெஷ்ஷை ஒட்டி எடுத்த, குழிவில்லாத மோதல் உருவம்) போட்டிருக்கிறேன். விரல், காது, முழங்கால் சிரட்டை எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது. ஆனால் சும்மா நிற்கும்போதே தொடைகள் நடுங்குகின்றன, சிலவேளை ஆளே மேலே எகிறிப் பறக்கிறான். போனில் ஆறு பேர் மைதானத்தில் நின்றால் படம் விட்டு விட்டு ஓடுகிறது. இணையத்தில் எல்லாரும் கப்சூல் (மாத்திரை வடிவ உருவம்) போடு என்கிறார்கள், போட்டுப் பார்த்தால் கத்தரிக்காய்களைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. இவ்வளவு அழகான மொடலுக்கு இதுதான் உடம்பா?

மாங்குளம்சந்தி
பறக்கிறவனுக்கு அவுட் உண்டா இல்லையா, முதலில் அதைச் சொல்லு :)

பாம்பைமடு_கணினி
தம்பி, கத்தரிக்காய்களை ஆட்டக்காரர் பார்க்கப் போவதில்லை, அவர்கள் பார்ப்பது மெஷ்ஷை. கொலைடர் பிசிக்ஸ் என்ஜினுக்கு மட்டும். அந்த இரண்டையும் மனதில் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

கப்சூலை என்ஜின் எப்படிப் பார்க்கிறது என்று யோசியுங்கள். ஒரு கோட்டுத்துண்டு, அதைச் சுற்றி ஒரு ஆரை, அவ்வளவுதான். இரண்டு கப்சூல் முட்டுகின்றனவா என்று பார்க்க இரண்டு கோட்டுத்துண்டுகளுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடித்தால் போதும். ஒன்றின் ஆரை 4 சென்ரிமீற்றர், மற்றதன் ஆரை 5 என்றால் தூரம் 9-க்குக் கீழே வந்தால் முட்டல், எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, எந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும் எல்லாம் அதே கணக்கில் வந்துவிடும். கோளம் இன்னும் லேசு. பொக்ஸுக்குப் பொக்ஸ் என்றால் பதினைந்து அச்சுகளில் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவும் பரவாயில்லை. கொன்வெக்ஸ் மெஷ் என்றால் ஜிஜேகே மாதிரியான சுற்றிச்சுற்றி நெருங்குகிற வழிமுறை தேவை (கில்பர்ட், ஜோன்சன், கீர்த்தி மூவரும் 1988-இல் எழுதியது, மூன்று பேரின் முதலெழுத்துத்தான் பெயர்), அதற்குப் பிறகு எவ்வளவு ஆழம் என்று காண இன்னொரு கணக்கு. ஒரு உருவத்துக்கு யுனிட்டி 255 முக்கோணம்வரை விடும், விடுகிறது என்பதற்காக அவ்வளவும் போட வேண்டும் என்றில்லை.

போன் திணறுவதை விட நடுக்கம்தான் பெரிய விஷயம். மெஷ் துண்டுகளில் தொடும் புள்ளி ஒரு ஃபிரேமில் ஒரு முனையிலும் அடுத்த ஃபிரேமில் பக்கத்து முனையிலும் இருக்கும், தள்ளும் திசையும் அதோடு மாறும். ஜொயின்ட் (மூட்டு) ஒரு பக்கம் இழுக்க, தொடுகை வேறு வேறு பக்கம் தள்ள, சொல்வர் (இவற்றைக் கணக்கிட்டுச் சமன் செய்கிற என்ஜின் பகுதி) இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கப்சூலின் மேற்பரப்பு வழுவழுப்பாக வளைந்து போவதால் தள்ளும் திசையும் சீராக மாறும். உருண்டை உருவங்களால் கிடைக்கிற உண்மையான லாபம் அதுதான், வேகம் அதற்கு அடுத்தது.

தொடை நடுங்குவதற்கு நான் ஊகிக்கிற காரணம் வேறு. ஜொயின்டால் நேரே இணைந்த இரண்டு துண்டுகளை யுனிட்டி மோத விடாது. ஆனால் இடது தொடையும் வலது தொடையும் இடுப்போடு இணைந்தவை, ஒன்றோடொன்று இணையாதவை. ஆகவே அவை மோதும். மொடலில் தொடைகள் மேலே ஒட்டித்தானே இருக்கும்? பிறக்கும்போதே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன, என்ஜின் ஒவ்வொரு அடியிலும் (ஒவ்வொரு கணக்கீட்டுச் சுற்றிலும்) பிரிக்கப் பார்க்கிறது, ஜொயின்ட் திரும்பச் சேர்க்கிறது. பறப்பதும் அதனால்தான். அந்தச் சோடிக்கு இக்னோர் கொலிஷன் (மோதலைக் கணக்கில் எடுக்காதே என்ற கட்டளை) போடுங்கள், அல்லது ஆரையைக் குறையுங்கள். மேற்கைக்கும் விலாவுக்கும் இதே கதை.

முத்தையன்கட்டு
நான் மொடல் செய்கிறவள், பிசிக்ஸ் ஆள் இல்லை, ஆனாலும் இதில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஒரு உடம்பை வாரக்கணக்காக இருந்து செதுக்கிக் கொடுப்போம், கேமில் பார்த்தால் கை சேட்டுக்குள் புகுந்து மற்றப் பக்கத்தால் வரும், கேட்டால் "கப்சூல்தானே" என்பார்கள். குறைந்தது கைக்கும் தோளுக்குமாவது மெஷ்ஷைச் சுற்றி எடுத்த உருவம் போடக்கூடாதா? இந்தக் கேமே தொடுகிற கேம்.

மாங்குளம்சந்தி
தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளித்தட்டில் சண்டை வருவதே "தொட்டது", "தொடேல்லை" என்பதில்தான். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெட்டி தாண்டுவதற்குள் மூன்று தரம் ஆட்டம் நின்றுவிடும். சேட்டில் பட்டால் தொட்டதா, காற்றில் பறந்த சாரத் தலைப்பில் பட்டால் தொட்டதா, ஒழுங்கைக்கு ஒரு சட்டம். இரண்டு சென்ரிமீற்றர் என்ன, அரை சென்ரிமீற்றருக்கே கல் எறிந்த ஆட்கள் நாங்கள்.

பாம்பைமடு_கணினி
சரி, அப்படியென்றால் தொடுகையையும் பிசிக்ஸையும் ஒரே உருவத்திடம் கேட்காதீர்கள். மூன்று அடுக்கு வையுங்கள்.

ஓடும்போது ஆள் முழுக்க ஒரே ஒரு நிமிர்ந்த கப்சூல். யுனிட்டியின் கரக்டர் கொன்ட்ரோலரே ஒரு கப்சூல்தான், 45 பாகைச் சரிவுவரை ஏறும், 0.3 மீற்றர் படிவரை தானாக ஏறும், இரண்டும் வந்தபடியே இருக்கும் அளவுகள். வரம்பில் ஏறி இறங்க அது போதும், கீழ்ப்பக்கம் உருண்டையாக இருப்பதால் சின்னக் கல்லில் மாட்டாது.

விழும்போது மட்டும் இரண்டாவது அடுக்கு, அதுதான் ராக்டோல்.

தொடுகைக்கு மூன்றாவது அடுக்கு. இதற்குப் பாரமும் இல்லை, ஜொயின்டும் இல்லை, எலும்போடு கூட வரும் வெறும் ட்ரிகர் கப்சூல்கள். இவை யாரையும் தள்ளாது, பட்டதா இல்லையா என்று மட்டும் சொல்லும். முத்தையன்கட்டு தங்கச்சி விரும்பினால் இங்கே கைக்கு ஐந்தாறு உருவம்கூட வைக்கலாம், தள்ளுமுள்ளு இல்லாததால் நடுங்காது.

ஆனால் ஒன்று. கை வீச்சு ஒரு செக்கனுக்கு 8 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுனிட்டியின் பிசிக்ஸ் அடி 0.02 செக்கன். ஒரு அடியில் கை 16 சென்ரிமீற்றர் பாயும். எதிராளியின் முழங்கைக்குக் கீழ்ப்பகுதி எட்டோ ஒன்பதோ சென்ரிமீற்றர் தடிப்பு. முதல் அடியில் கை இந்தப் பக்கம், அடுத்த அடியில் அந்தப் பக்கம், இடையில் பட்டதை யாரும் காணவில்லை. மெஷ் எவ்வளவு நுணுக்கம் என்றாலும் இது நடக்கும், காகிதம் மாதிரித் தட்டையான துண்டுகளில் இன்னும் மோசம். உள்ளங்கைக்கு ஒரு கோளம் வைத்து, போன அடியில் இருந்த இடத்திலிருந்து இந்த அடியில் இருக்கிற இடம்வரை அதை இழுத்துப் பாருங்கள். கோளத்தை நேர்கோட்டில் இழுத்தால் வருவது கப்சூல்தான், ஆக அது கப்சூலுக்குக் கப்சூல் கேள்வியாகிவிடும். தொட்டது தொடேல்லைச் சண்டைக்கு மெஷ்ஷை விட இதுதான் மருந்து.

பழைய_கோட்
வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள், இப்போது டொரன்டோவில். 2000-இல் ஹிட்மேன் முதல் கேம் வந்தபோது செத்த உடம்புகள் படியில் மடிந்து விழுவதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். 2001-இல் தோமஸ் யாகொப்சன் கேம் டெவலப்பர்ஸ் கொன்ஃபரன்ஸில் அதை எப்படிச் செய்தார்கள் என்று விளக்கினார். அதில் திண்ம உடம்பே இல்லை, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் குச்சிகளும்தான். புள்ளிக்குத் திசைவேகம்கூடச் சேமிக்கவில்லை, இப்போதைய இடம், போன இடம் இரண்டும்தான், வெர்லே முறை. குச்சியின் நீளம் மாறினால் இரண்டு முனையையும் பாதிப்பாதி நகர்த்தித் திருத்துவார்கள், அதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அந்தக் காலத்து மெஷினில் அது ஓடியது. உங்கள் கையில் இருக்கிற மலிவுப் போனும் அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய மெஷின், ஆகவே போனைக் குறை சொல்ல வேண்டாம்.

கனகபுரத்தான்
பழைய கோட் அண்ணை, நன்றி. பாம்பைமடு அண்ணை, தொடைச் சோடிக்கு மோதலை நிறுத்தினேன், பறப்பது நின்றுவிட்டது. எல்லா மெஷ் கொலைடரையும் கழற்றிவிட்டு யுனிட்டியின் ராக்டோல் விஸார்டை ஓடவிட்டேன். இப்போது வேறு ஒரு கூத்து. ஆள் விழுந்து எழும்பப் போகும்போது பாதம் மண்ணுக்குள் புதைகிறது.

பாம்பைமடு_கணினி
விஸார்ட் பதினொரு துண்டுதான் தரும். தலைக்குக் கோளம், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பொக்ஸ், கைகால்களுக்குக் கப்சூல். பாதத்துக்கு எதுவும் தராது, பாத எலும்பைக் கேட்பது முழங்காலுக்குக் கீழே எவ்வளவு நீளம் என்று அளக்கத்தான். சும்மா செத்து விழுகிற ஆளுக்கு அது போதும், எழும்ப வேண்டிய ஆளுக்குப் போதாது.

பாதத்துக்குக் கப்சூல் போட வேண்டாம், பொக்ஸ் போடுங்கள். நிலத்தில் கிடக்கிற கப்சூல் இரண்டு புள்ளியில்தான் தொடும், இரண்டும் ஒரே கோட்டில். கணுக்கால் பக்கவாட்டில் உருண்டுகொண்டே இருக்கும். பொக்ஸ் என்றால் நாலு மூலையும் பதியும், அதற்குள் உடம்பின் பாரமையம் இருக்கும்வரை ஆள் நிற்பான்.

அறிவியல்நகர்
இதை ஆதரித்து ஒன்று. நான் இங்கே பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், ரோபோ பக்கம் ஆர்வம். 2018-இல் வந்த டீப்மிமிக் ஆய்வில் கரணம் அடிக்கிற, சுழன்று உதைக்கிற மனித உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த உடம்பைத் திறந்து பார்த்தால் தலை, நெஞ்சு, இடுப்பு, உள்ளங்கை எல்லாம் கோளம், கைகால்கள் கப்சூல், பாதம் மட்டும் பொக்ஸ். மொத்தம் 13 துண்டு, 45 கிலோ. அவ்வளவு எளிமையான உடம்பை வைத்துத்தான் அந்த வித்தை எல்லாம். ஆனால் சிமுலேஷன் செக்கனுக்கு 1,200 அடி ஓடியது, கேமில் நாங்கள் ஓட்டுவது 50. மிச்சம் பிடித்த நேரத்தை அவர்கள் உருவத்தின் நுணுக்கத்தில் செலவழிக்கவில்லை, அடிகளின் எண்ணிக்கையில் செலவழித்தார்கள். கனகபுரத்தானும் மெஷ்ஷை எறிந்து மிச்சம் பிடித்ததில் விழுகிற நேரத்தில் மட்டும் 0.02-ஐ 0.01 ஆக்கிப் பார்க்கலாம். ஜொயின்ட் இறுகும், கை பாய்ந்து தப்புவதும் பாதியாகும்.

முத்தையன்கட்டு
அப்போ நெஞ்சே ஒரு உருண்டை?? என் பாடத்திட்டத்தில் இது இல்லை.

அறிவியல்நகர்
ஓம் அக்கா, உருண்டைதான் :) அது நெஞ்சால் முட்டுகிற வித்தை இல்லை, காலால் நிற்கிற வித்தை. எந்த இடம் தொடப் போகிறதோ அந்த இடத்துக்குத்தான் உருவம் முக்கியம். கிளித்தட்டில் அது உள்ளங்கை, முதுகு, தோள், பாதம். காது இல்லை.

பாம்பைமடு_கணினி
உருவத்தைப் பற்றி இன்னொன்றும் கவனிக்க வேண்டும், பலபேர் விட்டுவிடுவது. ஒரு துண்டு எவ்வளவு லேசாகச் சுழலும் என்பதை யுனிட்டி கொலைடரின் வடிவத்திலிருந்துதான் கணக்கிடுகிறது. முன்கையை எடுங்கள். 1.1 கிலோ, ஆரை 4 சென்ரிமீற்றர், நீளம் 25 என்றால் குறுக்காகச் சுழற்றுவதற்கு வேண்டிய சடத்துவம், நீளவாக்கில் முறுக்குவதற்கு வேண்டியதைப் போல ஆறு மடங்கு. அதாவது சின்ன உந்தலுக்கே முறுக்குவாட்டில் கிறுகிறு என்று சுழலும். விழுந்து கிடக்கிறவனின் கைகள் தனியாக நடுங்கினால் காரணம் அநேகமாக அதுதான். அந்த அச்சின் எண்ணைக் கையால் கூட்டிவிடுங்கள், உண்மைக்குப் பொய்தான், ஆனால் அமைதியாகக் கிடப்பான்.

பாரத்தையும் மனம்போன போக்கில் போடாதீர்கள். வளர்ந்த ஆணின் உடலில் தலை 7 வீதம், உடல்நடு 43, ஒரு தொடை 14, முழங்காலுக்குக் கீழே 4.3, பாதம் 1.4, மேற்கை 2.7, முன்கை 1.6, கை 0.6, இவை 1996-இல் டி லேவா திருத்தி வெளியிட்ட அட்டவணையின் எண்கள். 50 கிலோ ஆளுக்கு உடல்நடு கிட்டத்தட்ட 22 கிலோ, அதில் தொங்குகிற மேற்கை 1.35. பதினாறுக்கு ஒன்று. இணைந்த துண்டுகளின் பாரம் பத்து மடங்கைத் தாண்டினால் இந்த வகைச் சொல்வர்கள் திணறும், ஜொயின்ட் றப்பராக இழுபடும். உடல்நடுவை மூன்றாகப் பிரியுங்கள், நெஞ்சுத் துண்டு ஏழு கிலோவாகிவிடும், முதுகும் அழகாக வளையும். கையைத் தனித் துண்டாக வைக்காமல் முன்கையோடு சேருங்கள்.

மாங்குளம்சந்தி
எனக்கு ஒரு கேள்வி, பகிடி இல்லை. எங்கள் ஊரில் கிளித்தட்டு விளையாடினவர்களில் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக்கால் போட்டவர்களும் இருக்கிறார்கள். தட்டில் நின்று மறிப்பதில் அவர்களைத் தாண்டுவது லேசில்லை. இந்தக் கேமில் அப்படி ஒரு ஆள் இருக்க முடியுமா, அல்லது எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த ஆட்கள்தானா?

கனகபுரத்தான்
இருக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், யோசித்தேன், தொழில்நுட்பமாக எப்படி என்றுதான் விளங்கவில்லை. புதிதாக ஒரு மொடல், புதிதாக ராக்டோல் என்றால் முடியாது.

பாம்பைமடு_கணினி
எளிய உருவங்களில் இது லேசாக முடியும். மெஷ் வெட்டிச் செய்திருந்தால் முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஜெய்ப்பூர் பாதம் 1968-இல் ஜெய்ப்பூரில் உருவானது, வெறுங்காலோடு நடக்க, குந்தி இருக்க, வயலில் இறங்க ஏற்ற மாதிரிச் செய்தது. அதில் தனியாகக் கணுக்கால் மூட்டு இல்லை, றப்பர்தான் வளைந்து கொடுக்கும். ஆகவே கணுக்கால் ஜொயின்டை எடுத்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு ரிஜிட்பொடி (பாரமுள்ள திண்மத் துண்டு), அதற்குள் இரண்டு கொலைடர், கீழ்க்காலுக்கு ஒரு கப்சூல், பாதத்துக்கு ஒரு பொக்ஸ். இப்படி ஒரே துண்டுக்குள் பல உருவம் வைப்பதை என்ஜின் தாராளமாக ஏற்கும். பாரத்தைக் குறையுங்கள், 60 கிலோ ஆளின் கீழ்க்காலும் பாதமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 3.4 கிலோ வரும், செயற்கைக்கால் பொதுவாக அதைவிட லேசு. பொக்ஸின் உராய்வைக் கொஞ்சம் கூட்டுங்கள், றப்பர் அடி.

அந்தக் காலால் நிலத்தை உந்தித் தள்ளும் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கணுக்காலில் தசை இல்லை. ஆனால் நொண்டுகிற அனிமேஷன் ஒன்றை எடுத்து மேலே ஒட்டிவிடாதீர்கள். நல்லாகப் பழகினவர்கள் நடக்கும்போது பல நேரம் தெரியாது, திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும், மற்றக் காலில் ஊன்றித் திரும்புவார்கள்.

மாங்குளம்சந்தி
அதே. வலப்பக்கம் திரும்புவார் என்று ஓடுகிறவன் நினைப்பான், அவர் ஊன்றுகிற கால் வேறு, ஆள் ஏமாந்து கையில் போய் விழுவான். அதைக் கேமில் கொண்டுவந்தால் நான் காசு கொடுத்தே வாங்குவேன்.

முத்தையன்கட்டு
மொடல் பக்கம் நான் செய்து தருகிறேன் கனகபுரத்தான். கீழ்க்காலை மட்டும் மாற்றினால் போதும்தானே? பிளெண்டரில் இருந்து அனுப்பும்போது அளவு 100 மடங்காகிற சள்ளை ஒன்று இருக்கிறது, அதையும் சரி செய்து அனுப்புகிறேன்.

பாம்பைமடு_கணினி
கட்டாயம் சரி செய்து அனுப்புங்கள் தங்கச்சி. எலும்புகளின் ஸ்கேல் எல்லாப் பக்கமும் 1 ஆக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்த எலும்பில் கப்சூலைத் தொங்கவிட்டால் அது நீள்வட்டமாகாது, பெரிய பக்கத்து அளவை எடுத்துத் தடிக்கும். நீங்கள் பார்க்கிற உடம்பு மெலிவாக இருக்கும், மோதுகிற உடம்பு கொழுத்திருக்கும்.

கனகபுரத்தான்
நிலவரம். பாதத்துக்குப் பொக்ஸ், முதுகு மூன்று துண்டு, பாரம் அட்டவணைப்படி. நடுக்கம் போய்விட்டது. பத்துப் பேர் மைதானத்தில் நின்றும் போன் சூடாகவில்லை, இந்த வெயிலில் அதுவே பெரிய காரியம்.

ஆனால் ஓடி வந்து சறுக்கி விழுகிறவனின் பாதம் வெறும் தறையில் எதிலோ இடறின மாதிரித் துள்ளுகிறது. நிலம் மெஷ், கொஞ்சம் மேடு பள்ளம் வைத்திருக்கிறேன், எங்கள் மைதானம் மாதிரி.

பழைய_கோட்
பொக்ஸின் மூலை நிலத்து முக்கோணங்கள் சந்திக்கிற விளிம்பில் மாட்டுகிறது. நிலம் வழுவழு என்று உங்களுக்குத் தெரியும், என்ஜின் ஒவ்வொரு முக்கோணமாகத்தான் பார்க்கும், உள் விளிம்பையும் சுவர் என்று எண்ணிக்கொள்ளும். இது எல்லா என்ஜினிலும் இருக்கிற பழைய வருத்தம். கோடு போட்ட பெட்டிகள் இருக்கிற பகுதிக்கு ஒரே ஒரு பெரிய பொக்ஸை நிலமாகப் போடுங்கள், மேடு பள்ளம் கண்ணுக்கு மட்டும் இருக்கட்டும். மைதானத்துக்கு வெளியே மெஷ் இருந்தால் பரவாயில்லை.

முத்தையன்கட்டு
அந்த மேடு பள்ளமும் என் உழைப்புத்தான் என்பதைத் தாழ்மையுடன் பதிவு செய்கிறேன்.

கனகபுரத்தான்
:) அது தெரியும்படிதான் இருக்கும். சரி, இப்போது உண்மையான சண்டைக்கு வருவோம். தொடுகை அடுக்கின் ஆரை என்ன? கண்ணுக்குத் தெரியும் உடம்பை விடத் தடிப்பா, மெலிவா?

பாம்பைமடு_கணினி
மெலிவு. ஓடுகிறவன் பக்கம் நில்லுங்கள். கேம் "தொட்டது" என்று சொல்லும்போது திரையில் கை உடம்பில் பட்டிருக்க வேண்டும். படாத தொடுகைக்கு ஒருவனை வெளியேற்றினால் அவன் கேமை அழித்துவிட்டுப் போவான். பட்டும் கேம் காணாமல் விட்டால் தப்பினேன் என்று சந்தோசப்படுவான்.

பழைய_கோட்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடுகிறவனை மட்டும் பார்க்கிறீர்கள். தட்டில் நிற்கிறவனும் ஒரு ஆட்டக்காரன்தான், அவனால் கோட்டை விட்டு விலக முடியாது, அவனிடம் இருப்பது கை நீளம் மட்டும். சின்னத் திரையில் விரலால் இழுத்துக் கை வீச வைக்கிறான், நேரம் பிந்திப் பட்டதெல்லாம் அவன் கணக்கில்தான். உள்ளங்கைக் கோளத்தைப் பெரிதாக்குங்கள், உடம்பை மெலிவாக வையுங்கள், நடுவில் சந்திக்கும்.

மாங்குளம்சந்தி
கிளிக்கு மட்டும் பெரிய கை கொடுத்தால் அணித் தலைவனுக்கு ஒரு மரியாதை. மற்றவர்களுக்குச் சாதாரண கை.

பாம்பைமடு_கணினி
கிளிக்குக் கை வேண்டாம், அவனுக்கு நடுக்கோடு முழுவதும் ஓட உரிமை இருக்கிறது, அதுவே போதும். பழைய கோட் அண்ணையின் கணக்குச் சரி வரலாம், ஆனால் கோளத்தைப் பெரிதாக்கினால் புறங்கையாலும் தொடும். கையின் முன்பக்கம் நோக்கித் தள்ளி வையுங்கள், ஒரு நாலைந்து சென்ரிமீற்றர்.

கனகபுரத்தான்
இரண்டையும் செய்து, பக்கத்து வளவுப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு போனைக் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். ஓடுகிறவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறிக்கிறவர்கள் மெலிந்த உடம்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள், "அண்ணா சேட்டில பட்டது" என்று ஒரே சத்தம். கோளத்தைக் கூட்டி முன்னுக்குத் தள்ளியதும் அடங்கினார்கள். இப்போதைக்கு உடம்பு கண்ணுக்குத் தெரிவதை விட ஒரு சென்ரிமீற்றர் மெலிவு, உள்ளங்கைக் கோளத்தின் ஆரை 7.

ஒரு பிள்ளை கேட்டது, ஏன் யாருமே சாரம் கட்டவில்லை என்று. மடித்துக் கட்டின சாரம் துணியாக ஆட வேண்டும் என்றால் அதற்கு மெஷ் கொலைடர் வேண்டி வருமா?

பாம்பைமடு_கணினி
வேண்டினாலும் கிடைக்காது. யுனிட்டியின் க்ளோத் கோளத்தையும் கப்சூலையும் தவிர வேறு எதிலும் மோதாது. தொடைக்கு இரண்டு கப்சூல் இருக்கிறதே, அவற்றையே கொடுங்கள், ஆரையை மட்டும் துணிக்காக ஒரு சென்ரிமீற்றர் கூட்டித் தனிப் பிரதி எடுத்து. மேலே இடுப்பில் முடிச்சு இருக்கிற வரிசையை அசையாமல் பூட்டிவிடுங்கள். ஆனால் பத்துப் பேருக்கும் துணி ஆட விட்டால் போன் திரும்பச் சூடாகும். கமராவுக்குக் கிட்ட இருக்கிற இரண்டு பேருக்கு மட்டும் ஆடட்டும், மற்றவர்களுக்குச் சாரம் எலும்போடு சேர்ந்து போகட்டும்.

மாங்குளம்சந்தி
சாரத்தில் பட்டால் அவுட்டா?

கனகபுரத்தான்
செட்டிங்ஸில் ஒரு பொத்தான் வைக்கிறேன் அண்ணை. ஒவ்வொரு ஒழுங்கையும் தன் சட்டத்தை வைத்துக்கொள்ளட்டும்.